விலை உயர்ந்த பேஸ் கிட்டாரும் ஆம்பும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா மேடைகளில் வாசிப்பவர்கள், சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர்கள், கல்லூரி பேண்டுக்காரர்கள், சனி ஞாயிறுகளில் ஏற்காட்டு விடுதிகளுக்கு ஏறிப் போகிறவர்கள் என்று சேலத்தில் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் அதே சந்தேகம் வந்துவிடுகிறது: இவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா? நான் மேடையில் பேஸ் வாசிக்கிறேன், தெரிந்தவர்களின் கிட்டார்களுக்கு செட்டப்பும் (கம்பி உயரம், நெக் வளைவு, சுருதி சரிசெய்வது) செய்து தருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பதினெட்டாயிரத்துக்கும் பேஸ் கிடைக்கிறது, பத்து லட்சத்துக்கு மேலும் போகிறது. அப்படி என்ன வித்தியாசம்?

சீர். ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நான்கு கம்பி, 20 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) உள்ள ஒரு பேஸில், அழுத்தாத கம்பிகளையும் சேர்த்தால் 84 இடங்களில் ஸ்வரம் இருக்கிறது. அந்த 84-ம் ஒரே பலத்தில் எழ வேண்டும், ஏறக்குறைய ஒரே நேரம் நின்று அடங்க வேண்டும், எங்கே அழுத்தினாலும் சுருதி விலகாமல் இருக்க வேண்டும். இன்றைக்கு இருப்பது போலவே ஆறு மாதம் கழித்தும் இருக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது, செய்வது அவ்வளவு எளிதில்லை.

மலிவான பேஸில் நல்ல ஸ்வரங்கள் நிச்சயம் உண்டு. நடுவில் சில செத்துப் போயிருக்கும், அவ்வளவுதான். ஜி கம்பியில் (நான்கில் மெல்லியது) ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றாக வாசித்து, நிற்க விட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் ஸ்வரம் சட்டென்று அவிந்து போகும். வாசிக்கிறவர்கள் இதை டெட் ஸ்பாட் என்பார்கள். கம்பி மட்டுமல்ல, நெக்கும் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து) அதிர்கிறது. நெக்குக்கு இயல்பாக ஒரு அதிர்வெண் இருக்கிறது. வாசிக்கும் ஸ்வரம் அதற்குப் பக்கத்தில் வந்தால், கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. நெக்கை விறைப்பாக்கினால் இது குறையும், அல்லது தொல்லை தராத இடத்துக்கு நகரும். பல மரக் கீற்றுகளை ஒட்டிச் செய்த நெக், உள்ளே பதித்த கார்பன் ஃபைபர் கம்பிகள், ஸ்டைன்பெர்கர், மாடுலஸ் கம்பெனிகள் செய்தது போல முழுக்கவே கார்பன் ஃபைபர் நெக், எல்லாமே இதற்கான வழிகள்தான். விலை அதிகமான ஃபெண்டரிலும் டெட் ஸ்பாட் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே விலைச்சீட்டை நம்பாமல் காதை நம்புங்கள்.

அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "ஒரு மரக்கட்டைக்கு மூணு லட்சமா?" என்கிறார். என்ன சொல்வது?

தம்பி, அப்பா கேட்பது நியாயமான கேள்வி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது வெள்ளியின் எடைக்கு ஒரு விலை, கூலிக்கு ஒரு விலை என்று பிரித்துத்தானே பார்ப்பார்? பேஸையும் அப்படியே பிரித்துக் காட்டு. மரம், இரும்புச் சாமான்கள், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) எல்லாம் சேர்ந்தால் மொத்த விலையில் ஒரு பகுதிதான் வரும். பெரிய பங்கு கூலி.

அந்தக் கூலியில் என்னென்ன இருக்கிறது? மரத்தை நாள்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் உலர விடுகிறார்கள். நெக்கை ஒரேயடியாக வெட்டி முடிப்பதில்லை. கொஞ்சம் வெட்டி, கொஞ்ச நாள் சும்மா வைத்து, அது எந்தப் பக்கம் வளைய நினைக்கிறதோ வளைய விட்டு, மறுபடி வெட்டுகிறார்கள். ஃப்ரெட்டுகளைப் பதித்த பிறகு அத்தனையின் தலையும் ஒரே மட்டத்தில் வரும்வரை தேய்த்து, ஒவ்வொன்றையும் மறுபடி உருட்டி, ஓரங்களில் கை கிழியாமல் மெருகேற்றுகிறார்கள். நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் நட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் பள்ளம் அரத்தால் தனித்தனியாக எடுக்கப்படுகிறது. அந்தப் பள்ளம் மயிரிழை ஆழம் கூடினால் கம்பி இரையும், குறைந்தால் முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறிவிடும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1983-ல் தொடங்கிய ஃபோடெரா போன்ற சிறு பட்டறைகள் இந்த வேலைக்குத்தான் பணம் வாங்குகின்றன. பெரிய தொழிற்சாலை இதையெல்லாம் செய்யாமல் இல்லை. ஒரு கருவிக்கு ஒதுக்கும் நேரம் குறைவு.

அப்பாவிடம் மறைக்கக் கூடாத இரண்டு விஷயங்களும் உண்டு. ஒன்று, முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அலையலையான அழகு மரம். அதற்குப் பெரிய தொகை போகும், கேட்கும் ஒலியில் அதன் பங்கு மிகச் சிறியது. இன்னொன்று, இறக்குமதித் தீர்வை, வரி, சரக்குக் கட்டணம். வெளிநாட்டு விலையை இன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி "இவ்வளவுதானே" என்று நினைத்தவர்கள் கடைசி பில்லைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு செலவும் உன் வாசிப்புக்கு எதையும் தராது.

விலை உயர்ந்த பேஸ் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது?

லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதைத் தொழிற்சாலைப் பொருளாகத்தான் யோசித்தார். நெக்கைத் திருகாணியால் உடலோடு பிணைத்துவிடலாம், கெட்டுப் போனால் வேறு மாட்டலாம். 1960-ல் ஜாஸ் பேஸ் வந்தது. உலகத்தில் இன்றைக்குச் செய்யப்படும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான்.

கலிஃபோர்னியாவில் 1969-ல் தொடங்கிய அலெம்பிக் வேறு வழியில் போனது. பிக்கப்பின் சிறு மின்சாரத்தைப் பேஸுக்குள்ளேயே பெருக்கும் சுற்று, தலையிலிருந்து அடிவரை ஒரே நீளத்தில் ஓடும் பல கீற்று நெக் என்று இசைக்கலைஞருக்காகத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் அதை எடுத்துக்கொண்டு முன்னணிக் கருவி போலவே வாசித்துக் காட்டினார். 1975 வாக்கில் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனுக்காகக் கார்ல் தாம்சன் என்ற கைவினைஞர் ஆறு கம்பி பேஸ் செய்தார். 'பூட்டிக்' பேஸ், அதாவது சிறு பட்டறையின் விலை உயர்ந்த பேஸ், என்று இன்றைக்கு நாம் சொல்வதெல்லாம் அந்தப் பத்தாண்டில் முளைத்த வழக்கத்தின் தொடர்ச்சி.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கடையில் வாங்கும் 1962 பிரிசிஷனைத்தான் வைத்திருந்தார். கம்பிகளைக்கூட அநேகமாக மாற்றவே மாட்டார். நம் ஊரில் இளையராஜாவுக்கு சசிதரன் வாசித்ததையும், ரகுமானுக்குக் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் காது கொடுத்துக் கேளுங்கள். எந்த ஸ்வரம் எப்போது வரவேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற முடிவு அங்கே மனிதருடையது. நல்ல கருவி அந்த முடிவுக்குக் குறுக்கே நிற்காது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஐந்து கம்பி வாங்கலாமா? அதில் மட்டும் ஏன் விலை எகிறுகிறது?

மெல்லிசை மேடையில் வாசிப்பதானால் வாங்கலாம். பாட்டுகளில் கீபோர்டில் போட்ட பேஸ் வரிகள், நான்கு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த ஸ்வரமான ஈ-க்கும் கீழே இறங்கும். பாடகர் சுருதியைக் குறைக்கச் சொன்னால் இன்னும் கீழே போகும். நான்கு கம்பியில் அதை மேல் ஸ்தாயிக்குத் தூக்கி வாசித்தால் பாட்டின் அடி காலியாகிவிடுகிறது.

நல்ல பேஸையும் சுமாரான பேஸையும் பிரித்துக் காட்டும் இடம் அந்த ஐந்தாவது கம்பிதான். சாதாரண ஈ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. கீழ் பி கம்பி ஏறக்குறைய 31 முறை. அவ்வளவு கீழே போக கம்பியைத் தடிமனாக்க வேண்டும். தடித்த கம்பி தொங்கினாற்போல் இருந்தால் ஸ்வரம் வராமல் உறுமல் மட்டும் வரும். தெளிவு வேண்டுமென்றால் நெக் விறைப்பாக இருக்க வேண்டும், நட்டும், உடல்பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜும் கம்பியை ஆடாமல் பிடிக்க வேண்டும். சிலர் வழக்கமான 34 அங்குல நீளத்தை 35 ஆக்குகிறார்கள். கனடாவின் டிங்வால் ஃப்ரெட்டுகளை விசிறி போலச் சாய்த்து வைத்து, பி கம்பிக்கு 37 அங்குலம் வரை கொடுக்கிறது.

விலை குறைந்த ஐந்து கம்பி பேஸ்களில் பி கம்பி பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். பணம் குறைவாக இருந்தால், அதே தொகைக்கு நல்ல நான்கு கம்பி பேஸ் வாங்குவது மேல்.

ஆக்டிவா, பாசிவா?

இரண்டும் நல்லதே. ஆக்டிவ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு சுற்று இருக்கும், பாசிவில் அது இல்லை. ஆக்டிவில் நீண்ட கேபிளிலும் ஒலி மங்காது, மேடையிலேயே லோவும் ஹையும் கூட்டிக் குறைக்கலாம். 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இதைப் பரவலாக்கியது. வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான பேஸ்களில் ஜாக் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

ஃப்ரெட்போர்டில் ரோஸ்வுட் என்கிறார்களே, அது நம் மலைகளில் இருக்கிற ஈட்டி மரம்தானா?

ஆமாம். உலகமெங்கும் கிட்டார் ஃப்ரெட்போர்டுகளில் இந்தியன் ரோஸ்வுட் என்று குறிப்பது தென்னிந்திய மலைகளில் வளரும் ஈட்டியைத்தான். முன்பு பிரேசில் ஈட்டிதான் உயர்வாகக் கருதப்பட்டது. அழிவின் விளிம்புக்குப் போனதால் 1992-ல் சைட்ஸ் உலக ஒப்பந்தம் அதன் வணிகத்தைத் தடுத்தது. 2017 ஜனவரியிலிருந்து ஈட்டி மரங்களின் பேரினம் முழுவதற்கும் அனுமதிச் சீட்டு கட்டாயமானது. உலகமெங்கும் கிட்டார் கம்பெனிகள் வேறு மரம் தேடி ஓடின. 2019 இறுதியில் முழுமையாகச் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் பழைய தடை அப்படியே இருக்கிறது. பழைய கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைத்தால் எந்த ஈட்டி என்று முதலில் கேளுங்கள்.

ஒலியைப் பொறுத்தவரை, ஈட்டியா, மேப்பிளா, கருங்காலியா என்று இரவெல்லாம் வாதாடுவதைவிட ஃப்ரெட் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பலன் அதிகம்.

சேலத்து வெயிலில் இருந்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் நெக் வளைந்துவிடுமா?

அசையும். வளைந்து வீணாகுமா என்பது கருவியையும் உங்களையும் பொறுத்தது.

சித்திரை, வைகாசியில் சேலத்தில் 40 டிகிரியை ஒட்டிப் போகிறது, காற்று வறண்டு கிடக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஈரமும் பனிமூட்டமும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மரத்துண்டு இவ்வளவு மாற்றத்தைச் சந்திக்கிறது. முதலில் மாறுவது கம்பி. குளிரில் எஃகு சுருங்குவதால் சுருதி ஏறியிருக்கும். மரம் மெதுவாக, அன்று இரவோ மறுநாளோ மாறும். ஆகவே மேலே போனதும் பெட்டியை உடனே திறக்காமல் மூடியபடியே கொஞ்ச நேரம் அறையில் வையுங்கள். பிறகு திறந்து சுருதி சேருங்கள். மேடை ஏறும் முன் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

விலை உயர்ந்த நெக்குக்குக் கொடுக்கும் பணம் திரும்பக் கிடைக்கும் இடம் இதுதான். நாரோட்டம் பார்த்து வெட்டிய மரம், ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி ஒட்டிய கீற்றுகள், கார்பன் கம்பிகள், வறுத்து ஈரம் போக்கிய மேப்பிள், எல்லாம் இந்த அசைவைக் குறைக்கத்தான். ஒரு மலிவான பேஸை நான் கோடையிலும் ஐப்பசி மழையிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கிறது. நல்ல நெக் வருடம் முழுக்க ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி இருந்தால் சரி, அதாவது 0.3 மில்லிமீட்டர் அளவு. இல்லையென்றால் ட்ரஸ் ராடை, அதாவது நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டை, திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு மறுநாள் பாருங்கள். வெயில் நாளில் ஃப்ரெட் ஓரங்கள் கையைக் குத்துகிறதா? மரம் வற்றிச் சுருங்கி உலோகம் வெளியே நீட்டுகிறது. ஒருமுறை அரம் போட்டால் தீர்ந்துவிடும்.

நிறுத்தி வைத்த காருக்குள் மட்டும் பேஸை விட்டுப் போகாதீர்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நெக்கும் அந்தச் சூட்டுக்காகச் செய்ததில்லை.

பேஸ் ஆம்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு வாட்? லீட் கிட்டார்காரர் 30 வாட்டில் சமாளிக்கிறாரே?

நம் காது தாழ்ந்த ஒலியில் மந்தமானது. அதே அளவு சத்தமாக உணர வைக்க அங்கே பல மடங்கு சக்தி வேண்டும். ஸ்பீக்கருக்கும் கஷ்டம். அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். மலிவான ஸ்பீக்கரில் கூம்புக்கு அவ்வளவு ஓட்டம் இருக்காது. அப்போது பொத்தென்று ஒரு சத்தம் வரும், ஸ்வரம் வராது.

வாட் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடியது போலிருக்கும். இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி தேவை. ஆகவே 300 வாட்டை விற்று 500 வாட் வாங்குவதில் லாபம் சொற்பம். இன்னொரு நல்ல கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) சேர்ப்பது பெரிய வித்தியாசம் காட்டும். ஆம்பில் முதல் செலவு ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும்தான் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுவே. அதிராத கனத்த பிளைவுட், உள்ளே குறுக்குச் சட்டங்கள், ஸ்பீக்கருக்குக் கணக்கிட்டுப் பொருத்திய கொள்ளளவு. வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வாசித்தால் பி கம்பியில் தெரியும்.

இரண்டு கேபினெட் சேர்க்கும்போது ஓம் கணக்கை மறக்காதீர்கள். இரண்டு 8 ஓம் பெட்டிகள் சேர்ந்தால் 4 ஓம். ஆம்பின் பின்பக்கத்தில் குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

பெட்டியில் 1000 வாட் என்று எழுதியிருக்கிறது, விலையோ எட்டாயிரம். நம்பலாமா?

வேண்டாம். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

ட்யூப் ஆம்ப்தான் உயர்ந்தது என்கிறார்களே?

ஆம்பெக் எஸ்.வி.டி. பற்றித்தான் அப்படிப் பேசுவார்கள். 1969-ல் வந்தது, 300 வாட், 14 ட்யூப்கள். அந்த வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எடுத்துப் போனது. அழுத்தி வாசித்தால் ஓரத்தில் லேசாகக் கரகரத்து, கீழே உருண்டு திரண்டு வரும் ஒலி. நெஞ்சில் வந்து மோதும். கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள், நானும் அதற்கு மயங்குகிறவன்தான்.

ஆனால் தலைப்பகுதி, அதாவது ஸ்பீக்கர் சேராத ஆம்ப், மட்டும் 35 கிலோவுக்கு மேல். பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட அதன் கேபினெட் 60 கிலோவைத் தாண்டும். மினி வேன் இல்லாமல் நகராது. ட்யூப் தேய்ந்தால் மொத்த செட்டாக மாற்ற வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த ஆளையும் தேட வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் ட்யூப் ஆம்பை இயக்கினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குச் சரி. வாராவாரம் வேறு வேறு மண்டபத்துக்குப் போகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

இரண்டு கிலோ எடையில் 500 வாட் ஆம்ப் இருக்கிறதே, அது உண்மையா?

உண்மைதான். கிளாஸ் டி என்ற பெருக்கும் முறையும், கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக வந்த ஸ்விட்சிங் பவர் சப்ளையும் சேர்ந்து எடையைக் குறைத்தன. ஸ்பீக்கர் பக்கம் 1980-களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் அதே வேலையைச் செய்தது. இத்தாலியின் மார்க்பாஸ், நியூயார்க்கின் அகிலார், ஃபின்லாந்தின் டார்க்கிளாஸ் எல்லாம் இந்த வழியில் பெயர் வாங்கியவை. எடை குறைந்தும் விலை குறையாததற்குக் காரணம் முன்பகுதி, அதாவது ஒலியின் குணத்தைத் தீர்மானிக்கும் ப்ரீஆம்ப். நமக்கு இந்த வகைதான் பொருத்தம். பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டே போகலாம்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா ஆம்ப் வாங்கி வருகிறேன் என்கிறார். சரிதானே?

அவர் கடைக்குப் போகும் முன் ஆம்பின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். "100-240" என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, பிளக் கம்பியை மட்டும் மாற்றினால் போதும். 115/230 ஸ்விட்ச் இருந்தால் இங்கே செருகும் முன் அதைத் தள்ள வேண்டும். வெறும் 120 மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் ஆம்பின் தேவைக்கு மேலான திறனில். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வாரண்டி பெரும்பாலும் கடல் தாண்டி வராது.

பேஸ் வாங்கி வரச் சொல்வதில் இந்தச் சிக்கல் இல்லை. சுங்கத்துக்கு ரசீது மட்டும் கையில் இருக்கட்டும்.

மண்டபத்தில் வாசிக்கும்போது மட்டும் ஆம்ப் "ம்ம்ம்" என்று இரைகிறது. ஆம்ப் கெட்டதா?

பெரும்பாலும் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். பேஸின் சொந்த வீட்டுக்குள்ளேயே இரைச்சலும் குடியிருக்கிறது. லீட் கிட்டார்காரருக்கு இல்லாத தொல்லை நமக்கு வருவது இதனால்தான். ஜெனரேட்டர், சீரியல் லைட், டிம்மர் எல்லாம் சேர்ந்து அதைப் பெருக்குகின்றன.

ஒற்றைச் சுருள் பிக்கப் இதை அப்படியே பிடிக்கும். பிரிசிஷனில் 1957-லிருந்து இருக்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப் இரைச்சலைத் தானே அழித்துவிடும். ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் அதே பலன். விலை உயர்ந்த பேஸ்களில் உட்குழிவு முழுக்கத் தாமிரத் தகடோ கடத்தும் பூச்சோ போட்டிருப்பார்கள். இதை எந்த பேஸுக்கும் சில நூறு ரூபாயில் செய்யலாம்.

இரைச்சலைக் குறைக்க பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள். உங்கள் கம்பிகள் ஆம்பின் வழியாக எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத நிலையில் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைத்தால் உயிருக்கே ஆபத்து. இதற்கு டி.ஐ. பாக்ஸில் (பேஸை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள்.

எப்படியும் சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்ஸருக்கு லைன் எடுத்துவிடுகிறார். அப்புறம் ஆம்ப் எதற்கு?

நல்ல கேள்வி. பலருக்கு லட்சங்கள் மிச்சமாகும் இடம் இது. திருவிழா மேடையில் கூட்டம் கேட்பது உங்கள் ஆம்பை இல்லை, இரண்டு பக்கமும் அடுக்கிய பெட்டிகளை. மேடையில் ஆம்பின் வேலை நீங்களும் டிரம்ஸ்காரரும் கேட்பதற்கு மட்டும். அதற்கு ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் ஒரு நல்ல நடுத்தர காம்போ போதும்.

செலவை டி.ஐ. பக்கம் திருப்புங்கள். உங்கள் ஒலி மண்டபத்துக்குள் போகும் வாசல் அது. ப்ரீஆம்போடு கூடிய நல்ல டி.ஐ. இருந்தால், எந்த ஊரில் எந்த மிக்ஸர் என்றாலும் ஏறக்குறைய உங்கள் ஒலியே போய்ச் சேரும். மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரியோ அடாப்டரோ வேண்டும். சவுண்ட்காரரிடம் "லோவை ஏற்ற வேண்டாம் அண்ணே, அப்படியே விடுங்க" என்று அன்பாக ஒரு வார்த்தை. ஈ ஸ்வரத்தின் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். தகரக் கூரையும் ஓடு பதித்த சுவரும் கொண்ட மண்டபத்தில் அது தானாகவே பெருகிக் குழம்பும்.

போனில் டெமோ பார்த்து முடிவு செய்யலாமா?

கூடாது. போன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. மேலே உள்ள ஓசைகளை வைத்து அடியைக் காது தானாகக் கற்பனை செய்துகொள்கிறது. அதில் எல்லா பேஸும் ஒன்றுபோலவே இருக்கும். நல்ல ஹெட்போனில் கேட்டாலும் கை உணர்வு தெரியாது.

மொத்தம் ஒரு லட்சம் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

என் யோசனை இது. ஏற்கெனவே இருக்கும் பேஸுக்கு முதலில் நல்ல செட்டப்பும் புதுக் கம்பிகளும் போடுங்கள். சிலருக்கு அங்கேயே ஆசை அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் பாதிக்குச் சற்று மேல் பேஸுக்கு, பதினைந்தாயிரம் அளவில் டி.ஐ. ப்ரீஆம்புக்கு, மீதியில் செகண்ட் ஹேண்ட் காம்போ. ஐம்பது, அறுபதாயிரத்தில் இப்போது கிடைக்கும் யமஹா, இபானெஸ் போன்றவற்றின் நடுத்தர பேஸ்கள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ஐம்பதாயிரத்துக்கும் கிடைக்கும் முன்னேற்றம் சிறிதாகிக்கொண்டே போகும். மூன்று லட்சத்துக்கு மேல் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் நுணுக்கம், அழகு, பெயர். வாசிப்பதே தொழில், கையில் பணமும் இருக்கிறது என்றால் அந்த நுணுக்கமும் மதிப்புள்ளதுதான். இரவு முழுக்க வாசிக்கும்போது இடது கை வலிக்காமல் இருப்பதற்கு நான் தயங்காமல் பணம் கொடுப்பேன். கடன் வாங்கி அதற்குப் போக வேண்டாம்.

எங்கே வாசித்துப் பார்ப்பது? செகண்ட் ஹேண்ட் வாங்கினால் எதைக் கவனிப்பது?

உயர்ந்த ரகங்களைக் கையில் எடுத்துப் பார்க்கப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். பெங்களூர் 200 கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பலாம்.

கடையில் முதலில் ஆம்பில் செருகாமலேயே வாசியுங்கள். உடலையும் நெக்கையும் கையால் உணருங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வரிசையாக வாசித்து, செத்த இடம், இரையும் இடம் தேடுங்கள். கடைக்காரர் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை. நின்றுகொண்டு ஸ்ட்ராப் மாட்டி, கையை விட்டுப் பாருங்கள். தலை கீழே சாய்ந்தால் உங்கள் தோள் இரவெல்லாம் அதைத் தாங்க வேண்டும். கடைசியாக ஆம்பில், எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து.

பழைய பேஸ் என்றால் ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று அவசியம் பாருங்கள். ஏற்கெனவே முழுக்க முறுக்கியிருந்தால் அந்த நெக்குக்கு இனி வழியில்லை, எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம், அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். நெக் உடலோடு சேரும் இடத்தில் பெயிண்ட் விரிசலா, மர விரிசலா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

விலை உயர்ந்த பேஸில் எந்தக் கம்பி போடுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

பளிச்சென்ற ஒலி வேண்டுமென்றால் உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட் வுண்ட். நம் வியர்வையில் அது சீக்கிரம் மங்கிவிடும், வாராவாரம் மேடை ஏறுகிறவருக்குச் சில மாதங்கள்தான். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்தால் ஆயுள் கூடும். மங்கிய கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து, நன்றாக உலர்த்தி மாட்டுவதும் உண்டு. கொஞ்ச நாளைக்குப் பழைய பளிச்சு திரும்பும், பலமுறை செய்தால் அறுந்துவிடும். பழைய பாட்டுகளின் மெத்தென்ற ஒலி வேண்டுமென்றால் தட்டையான நாடா சுற்றிய ஃப்ளாட் வுண்ட் போடுங்கள். முதலில் விலை கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் கிடக்கும். கம்பியின் தடிமனை மாற்றினால் நெக்கின் இழுப்பும் மாறும், ட்ரஸ் ராடை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாற்றும்போது எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.